ஓடுகிற இரும்பும் நிற்கிற இரும்பும்

தருவைகுளம் கரையில் ஒரு விசைப்படகை மேடேற்றி எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினைப் பலகையோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று மட்டும் அசையவில்லை. தலை தேய்ந்து, துரு பூத்து, நட்டு எது, போல்ட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே கட்டியாக இறுகியிருந்தது. மெக்கானிக் அதன் மேல் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் நாலு தட்டு தட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஓங்கி ஒண்ணு போட்டா வந்துராதா?" என்றான் கூட நின்ற பையன்.

"போட்டா தலை வரும், போல்ட்டு வராது. இத்தனை வருசம் உப்புல ஊறுனது. நாம ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதாடே?"

அந்த ஒரு மணி நேரமும் அவர் சும்மா இருக்கவில்லை. கழற்றி வைத்த ஒவ்வொரு பாகத்திலும் சாக்பீஸால் எண் போட்டார். அதே எண்களை ஓர் அட்டையிலும் எழுதினார். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கழற்றினால் அது எஞ்சின் இல்லை, பழைய இரும்புக் கடைச் சரக்கு என்றார்.

துருப்பிடித்த போர் வண்டி ஒன்று நம் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அந்த அட்டையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். போர் வண்டி என்று இங்கே சொல்வது சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஊர்கிறவற்றை. நம் ஊர்ப் பேச்சில் செயின் வண்டி. அப்படிப்பட்ட இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறது இந்தக் கட்டுரை. ஒன்று, இங்கிலாந்தின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் 'டைகர் 131' என்ற ஜெர்மன் டாங்கி. மற்றது, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இலங்கையின் ஆனையிறவில் ஏ-9 சாலையோரம் நிற்கும் கவசமிட்ட புல்டோசர். முன்னதைச் செப்பனிட்டு ஓட வைத்தார்கள். பின்னதை உடைந்த நிலையிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

இரண்டையும் ஒப்பிட இடம் தரும் பொதுத்தன்மை ஒன்று உண்டு. இரண்டும் ஒரு தரப்பு ஓட்டி வந்து, எதிர்த்தரப்பு தடுத்து நிறுத்தியவை. இரண்டும் இன்று இருப்பது தடுத்தவர்களின் காவலில். ஜெர்மானியர் தங்கள் டாங்கிக்குப் புலி என்று பெயர் வைத்தார்கள். ஆனையிறவு வண்டியை ஓட்டி வந்தது விடுதலைப் புலிகள் இயக்கம். இந்தப் பெயர்ப் பொருத்தம் தற்செயல். இரண்டு போர்களையும், போரிட்டவர்களின் காரணங்களையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கமில்லை. நான் ஒப்பிடுவது இரும்பையும், போருக்குப் பின் அந்த இரும்புக்கு மனிதர்கள் செய்ததையும்.

பிறப்பு

டைகர் 131 ஜெர்மனியின் காசல் நகரில், ஹென்ஷல் ஆலையில் பிறந்தது. 1943 பிப்ரவரியில் படைக்குக் கொடுக்கப்பட்டது. எடை ஏறத்தாழ 57 டன். முன்பக்கக் கவசத்தின் தடிமன் 100 மில்லிமீட்டர். பீரங்கியின் வாய் 88 மில்லிமீட்டர். சக்கரங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைக்காமல், மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்கியிருந்தார்கள். கனம் பரவலாக இறங்க அது உதவியது; ஆனால் உள்வரிசையில் ஒரு சக்கரம் கெட்டால் வெளிவரிசையில் பலவற்றைக் கழற்றித்தான் அதைத் தொட முடியும். இந்த வகை டாங்கி 1,300க்கு மேல் செய்யப்பட்டது. ஆலையின் வரைபடங்கள், கையேடுகள், கைப்பற்றிய பிறகு பிரிட்டிஷ் பொறியாளர்கள் பாகம் பாகமாகப் பிரித்து எழுதிய அறிக்கைகள் என்று அதற்கு ஒரு பெரிய ஏட்டுக் குவியல் உண்டு.

ஆனையிறவு வண்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. அது போருக்காகப் பிறந்ததே இல்லை. மண் தள்ளவும் நிலம் சமன் செய்யவும் பிறந்த புல்டோசர். அதன் மேல் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து, ஆள் உள்ளே இருந்து சுடும்படி பெட்டியாக மூடி, பாசறையை உடைக்க அனுப்பினார்கள். எந்தத் தகட்டை எங்கே வெட்டினார்கள், எந்த மூலையில் இரட்டை வெல்டிங் கொடுத்தார்கள், ஓட்டுபவர் வெளியே பார்க்க எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பதெல்லாம் பட்டறையில் நின்றவர்களின் கையிலும் கண்ணிலும் இருந்த அறிவு.

ஒப்பீட்டின் முதல் முடிச்சு இங்கேதான் விழுகிறது. டைகர் 131 நாளைக்கே உருகிப்போனாலும் டைகர் டாங்கி எப்படி இயங்கியது என்று ஏடுகளைப் பார்த்து எழுதிவிடலாம். ஆனையிறவு வண்டி துருவாகிக் கொட்டிவிட்டால் அதன் வரைபடமும் சேர்ந்து கொட்டிவிடும். படியெடுக்காத ஓலைச்சுவடி அது. அதன் மேலுள்ள ஒவ்வொரு வெல்டிங் தழும்பும் ஓர் எழுத்து.

நின்ற நாள்

1943 ஏப்ரலில், துனிசியாவில் நடந்த சண்டையில் டைகர் 131 நின்றது. பிரிட்டிஷ் ஆறு பவுண்டர் பீரங்கியின் குண்டு ஒன்று, மேலே சுழலும் கோபுரத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வளையத்தில் போய்ச் செருகிக்கொண்டது. கோபுரம் திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள். முழுசாகக் கிடைத்த அந்தப் புலியை, துனிசியாவுக்கு வந்திருந்த அரசர் ஆறாம் ஜார்ஜும் சர்ச்சிலும் பார்வையிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தது. ஆய்வுகள் எல்லாம் முடிந்தபின் 1951இல் பொவிங்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

ஆனையிறவுச் சண்டை 1991 ஜூலை 10 அன்று தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தரைவழி வாசல் அந்த ஒடுங்கிய நிலம். இரு புறமும் கடலேரி, நடுவில் சாலை, சுற்றிலும் உப்பளம். அங்கிருந்த இலங்கை இராணுவப் பாசறையைப் புலிகள் சூழ்ந்தார்கள். மறைந்து முன்னேற மரம் மட்டை இல்லாத வெட்டவெளி என்பதால்தான் கவசமிட்ட புல்டோசர் தேவைப்பட்டது. ஜூலை 14 அன்று சிங்க ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த கோப்ரல் காமினி குலரத்ன கையெறி குண்டுகளோடு அதன் மேல் ஏறினார். வண்டி நின்றது. அவரும் மாண்டார். இலங்கையின் மிக உயர்ந்த படை விருதான பரம வீர விபூஷணய முதன்முதலாக அவருக்குத்தான் வழங்கப்பட்டது. பாசறை 2000 ஏப்ரலில் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்தின் கைக்குப் போனது. வண்டி இன்று அங்கே நினைவுச் சின்னம்.

டைகர் தன் போர்க்களத்தை விட்டுக் கடல் கடந்து போய்விட்டது. ஆனையிறவு வண்டி தன் களத்திலேயே நிற்கிறது. அதனால் டைகரைப் பார்க்கப் போகிறவர் ஒரு பொறியைப் பார்க்கிறார். ஆனையிறவுக்குப் போகிறவர் ஓர் இடத்தைப் பார்க்கிறார். கடலேரியும் வெட்டவெளியும் சாலையும் கண்முன் இருப்பதால், அந்த வண்டி ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்பதை அந்த நிலமே சொல்லிவிடுகிறது.

உப்பின் வேலை

தருவைகுளத்தில் பிறந்தவர்களுக்குத் துருவைப் பற்றிப் புத்தகம் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். கச்சான் அடித்தாலும் கொண்டல் அடித்தாலும் காற்றில் உப்பு இருக்கும். புதிதாக வாங்கிய தாழ்ப்பாள் மறுவருடம் செதில் விடும். ஆனாலும் உப்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால்தான் இந்த ஒப்பீடு துலங்கும்.

இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் துரு. அதில் உப்பு சேர்ந்தால், உப்பிலுள்ள குளோரைடு துருவுக்கு அடியில் இறங்கி, இரும்பும் துருவும் சேருமிடத்தில் தங்கிவிடுகிறது. மேலே எவ்வளவு சுரண்டினாலும் அடியில் இருப்பது போகாது. காற்றில் ஈரம் கொஞ்சம் கூடினாலே அது விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் பொருள். இரண்டு தகடுகளை ஒட்டிய இடத்தில் அது வளர்ந்தால் தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும். துருவுக்கு மேல் பெயின்ட் அடிப்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதைப் போன்றது. வெளியே பளபளப்பாக இருக்கும். ஒருநாள் பெயின்ட் கொப்புளம் விட்டு, தொட்டால் பாளம் பாளமாக விழும்.

ஆகவே கடலோர இரும்புக்கு முதல் மருத்துவம் கழுவுதல். அருங்காட்சியகங்களில் சிறிய பொருள்களைக் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, உப்பு வெளியேறுவதை அளந்துகொண்டே இருப்பார்கள். சிலவற்றுக்கு மின்சாரம் செலுத்தியும் உப்பை வெளியேற்றுவார்கள். புல்டோசர் அளவுள்ளதைத் தொட்டியில் போட முடியாது. அதற்கு நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவுவதும், மழைநீர் தங்கும் குழிகளுக்கு வடிகால் செய்வதும், தலைக்கு மேல் ஒரு கூரை போடுவதும்தான் வழி. கடலுக்குப் போய் வந்த எஞ்சின் மேல் தருவைகுளத்தில் நல்ல தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதே வைத்தியம்.

அடுத்தது, இருக்கிற துருவை உறைய வைப்பது. டானிக் அமிலம் பூசினால் செந்துரு கருநீலமாக மாறி, இரும்போடு ஒட்டி, மேற்கொண்டு அரிப்பதைத் தாமதப்படுத்தும். இது நமக்கு அந்நியமான வேதியியல் அல்ல. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்து மை காய்ச்சிய ஊர் நம்முடையது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கிற அதே வினைதான் இதுவும். நைலான் வருவதற்கு முன் பருத்தி வலைக்கு மரப்பட்டைச் சாறு ஏற்றி உரப்படுத்தியதும் அதே துவர்ப்பின் துணையால்தான்.

டைகர் 131க்கு இந்தத் தொல்லை குறைவு. அது பல பத்தாண்டுகளாகக் கூரையின் கீழே இருக்கிறது. ஆனையிறவு வண்டி நிற்பதோ வெட்டவெளியில், உப்புக் கடலேரியின் ஓரத்தில். இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டு, அங்கே பார், இங்கே பார் என்று சொல்வது நியாயமில்லை. உப்பில் நிற்கும் இரும்புக்கு அக்கறை இரட்டிப்பாகத் தேவை என்பதே சரியான முடிவு.

ஓட வைத்தவர்கள்

1990இல் டைகர் 131ஐக் காட்சியிலிருந்து எடுத்து வேலையைத் தொடங்கினார்கள். அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் இராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவும் சேர்ந்து செய்த வேலை. 2003 டிசம்பரில் அது எஞ்சின் உறும வெளியே வந்தது. பதின்மூன்று ஆண்டுகள்! இன்று உலகில் தானே ஓடக்கூடிய ஒரே டைகர்-1 அதுதான். 2014இல் வெளிவந்த 'ஃபியூரி' படத்தில் வரும் புலியும் அதுவே.

இதில் ஓர் இழப்பும் உண்டு. அந்த டாங்கியின் சொந்த மேபாக் எஞ்சினை முன்பே வெட்டித் திறந்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் இருந்த இன்னொரு ஜெர்மன் டாங்கியான டைகர்-2இன் எஞ்சினை எடுத்து இதில் பொருத்தித்தான் ஓட வைத்தார்கள். அப்படியானால் ஓடுவது துனிசியாவில் நின்ற அதே வண்டிதானா? அடிமரமான ஏராவைத் தவிர அணியம் முதல் அடிப்பலகை வரை எல்லாம் மாற்றிய மரப்படகையும் நாம் அதே பெயரால்தான் அழைக்கிறோம். ஓடுகிற பொருளுக்கு அந்த நியாயம் பொருந்தும். சாட்சிப் பொருளுக்குப் பொருந்தாது.

ஆனால் ஓட வைத்ததால் கிடைத்த லாபம் பெரியது. நின்றுகொண்டிருக்கும் டாங்கி 57 டன் இரும்பு. ஓடும் டாங்கி ஓர் அறிவு. அந்தக் கனத்தை எப்படித் திருப்பினார்கள், கியர் எப்படி விழுந்தது, சங்கிலிப் பட்டை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும், எங்கே சூடேறும் என்பதை ஏட்டில் படிப்பது வேறு, கையால் உணர்வது வேறு. பழைய பொறிகளை ஓட்டத் தெரிந்தவர்கள் போய்விட்டால் அந்தக் கைத்திறனும் போய்விடும். அதைக் காப்பாற்ற ஓட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் தேய்மானம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஆண்டில் குறித்த சில நாள்களில் மட்டும் அதை வெளியே கொண்டுவருகிறார்கள்.

காயமே சாட்சி

டைகர் 131ஐச் செப்பனிட்டவர்கள் செய்த மிகச் சரியான காரியம் எஞ்சினில் இல்லை. அதன் காயங்களில் இருக்கிறது. குண்டு உரசிய தடங்களையும், தெறித்த பள்ளங்களையும் அவர்கள் அடைத்துச் சமன் செய்யவில்லை. அப்படியே விட்டார்கள்.

அதன் பலன் பின்னால் தெரிந்தது. அந்த டாங்கி ஏப்ரல் 21 அன்று ஜெபல் ஜாஃபா என்ற குன்றருகே, பிரிட்டிஷ் சர்ச்சில் வகை டாங்கிகளோடு நடந்த மோதலில் பிடிபட்டது என்றுதான் பல பத்தாண்டுகளாக எழுதியும் சொல்லியும் வந்தார்கள். துனிசியாவில் போரிட்ட ஒரு காலாட்படை வீரரின் மகன், தன் தந்தை சொன்ன கதை இதற்குப் பொருந்தவில்லையே என்று கிளறத் தொடங்கினார். பழைய நிழற்படங்களையும் வண்டியின் மேலிருக்கும் காயங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 24 அன்று குவெரியாத் எல் அதாச் என்ற வேறொரு குன்றில் பிடிபட்ட டாங்கிதான் அது என்ற முடிவுக்கு வந்தது. அறுபது எழுபது ஆண்டுகள் நிலைத்த வரலாறு, அடைக்கப்படாத சில பள்ளங்களால் திருத்தப்பட்டது. அழகுக்காக அவற்றை நிரப்பியிருந்தால், ஒரு தந்தையின் உண்மை என்றைக்கும் முதியவரின் கதையாகவே போயிருக்கும்.

நிறுத்தி வைத்தவர்கள்

ஆனையிறவு வண்டியை ஓட வைக்கவில்லை என்பது குறையாகாது. அதை ஓட வைக்கவும் கூடாது. தாக்குதலுக்கு வந்த வண்டி, தாக்கப்பட்ட நிலையில், தாக்கிய இடத்தில் நிற்பதே அதன் பொருள். கொஹிமாவிலும் இப்படி ஒன்று உண்டு. 1944 மே மாதச் சண்டையில் மலைச்சரிவில் பிடி தவறி மரத்தில் முட்டி நின்ற பிரிட்டிஷ் படையின் லீ-கிராண்ட் டாங்கி, இன்றும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்தப் போர்முனையில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் தமிழர் இருந்தார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்து எதிர்ப்பக்கமாக வந்தவர்களிலும் தமிழர் இருந்தார்கள். அந்த டாங்கியைத் தூக்கி வேறொரு நகரத்தில் வைத்துப் புது வர்ணம் பூசினால், அந்த மலைச்சரிவு வாயடைத்துப் போகும்.

ஆக, நிறுத்தி வைத்தது சரி. எதைச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதில்தான் இரண்டு வண்டிகளும் பெரிதாக வேறுபடுகின்றன. பொவிங்டனில் டைகரின் கதை இரு தரப்பையும் தொட்டே சொல்லப்படுகிறது: யார் செய்தார்கள், எந்தப் படைப்பிரிவு ஓட்டியது, யார் தடுத்தார்கள். அந்தப் போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, பகைவர் நண்பராகிவிட்டார்கள். ஆனையிறவில் சொல்லப்படுவது வண்டியைத் தடுத்தவரின் கதை. தன் தோழர்களைக் காக்க உயிர்விட்ட ஓர் இளைஞனின் கதை என்ற அளவில் அது சொல்லப்பட வேண்டியதே. ஆனால் அந்தத் தகட்டுப் பெட்டிக்குள்ளும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்களும் அந்தச் சாலையில்தான் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் போய்வருகிறார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்கும் ஒரு தாய்க்கு அந்த வண்டி பிறருடைய வெற்றிச் சின்னமாக மட்டும் தெரியும்வரை, அந்தச் செப்பனிடல் பாதி வேலைதான்.

நம் பக்கத்துக் கணக்கு

இந்த ஒப்பீடு பிறரைக் குறை சொல்ல அல்ல. டாங்கி செய்த நிலம் நம்முடையதும்தான். ஆவடியில் 1960களில் எழுந்த கனரக ஊர்தித் தொழிற்சாலை விஜயந்தா டாங்கிகளைச் செய்தது. இன்று அர்ஜுன் வரை வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற விஜயந்தாக்கள் நாட்டின் பல ஊர்களில் மேடை மேல் நிற்கின்றன. பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். விழாவுக்கு முன் புதுப் பச்சை வர்ணம் ஏறுகிறது. எந்தப் படைப்பிரிவில் இருந்தது, எந்த முனையில் நின்றது, மேலிருக்கும் ஒட்டுத்தகடு எந்தப் பழுதுக்காகப் போட்டது என்ற விவரம் பலகையில் இருந்தால், ஏறி விளையாடும் பிள்ளை கையில் வரலாற்றோடு இறங்கும். அவற்றைச் செய்த தலைமுறைத் தொழிலாளர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

ஒப்பீட்டின் விளைவு

இரண்டையும் எடுத்துப் பார்த்தபின் நான் வந்து சேரும் இடம் இது. ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டு, ஏடும் வரைபடமும் உள்ள வண்டியை ஓட வைக்கலாம். அதனால் இழப்பதைவிடப் பெறுவது அதிகம். ஒன்றே ஒன்றாகப் பட்டறையில் பிறந்து, தான் நின்ற இடத்தாலேயே பொருள் பெற்ற வண்டியை ஓட வைக்கக் கூடாது. ஆனால் அதை உப்புக்குத் தின்னக் கொடுக்கவும் கூடாது. இரண்டுக்கும் பொதுவான ஒழுக்கம் ஒன்றே: கை வைப்பதற்கு முன் எழுதி வை. படம் எடு, அளந்து கொள், ஒவ்வொரு காயத்துக்கும் எண் கொடு, அப்புறம் உப்புத்தாளை எடு.

தருவைகுளத்தில் அன்று சாயங்காலம் அந்த போல்ட் சுழன்று வெளியே வந்தது. தலை முறியவில்லை. மெக்கானிக் அதைத் தூக்கிப் போடாமல், துடைத்து, பதினான்கு என்று எண் எழுதி டப்பாவில் போட்டார். புதுசு வாங்கும்போது மரை பார்க்க வேண்டுமாம். அட்டையில் பதினான்குக்கு நேராக, அது இருந்த மூலையையும் குறித்தார். ஆனையிறவு வண்டிக்குத் தேவை அவ்வளவுதான்: உப்பைப் போக்க நல்ல தண்ணீர், ஒரு கூரை, அதன் ஒவ்வொரு தகட்டுக்கும், அதனால் மாண்ட இரு பக்கத்து ஒவ்வோர் ஆளுக்கும் இடம் உள்ள ஓர் அட்டை.